கடித எண் 1150

அத்தியாயம் ஏழு

"யாரையும் கிட்ட விடாம பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி பாலத்தின் மறுமுனையைப் பார்க்கப் போனாள். கொழுந்தனும் பார்த்துக்கொண்டான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தூணின் பின்பக்கம் இருந்த சாக்பீஸ் குறியைக் காப்பாற்ற அவன் யோசித்துக் கண்டுபிடித்த வழி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பது. யாராலும் நெருங்க முடியாது. பார்க்கவே முடியாது. திட்டத்தில் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அவன் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு.

கால்மணி நேரம் கழித்துப் புகைப்படக்காரரோடு வந்த போலீஸ் அதிகாரி தூணை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"குறி எங்கய்யா?"

"இங்கதான் சார், இதோ…" என்று திரும்பினான் கொழுந்தன்.

திரும்பியிருக்கக் கூடாது. தூண் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குறி முழுசாக அவன் முதுகில் இருந்தது. ஒரு வட்டம், அதன் குறுக்கே மூன்று கோடு.

"ஆறு மாசமா தேடற ஆளோட அடையாளம்யா அது! அழிச்சுட்டு நிக்கறியே!"

"அழியல சார். இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். போட்டோவுக்கு வேணா நான் நிக்கறேன்."

புகைப்படக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

திரும்பி வந்த அண்ணி கோபப்படவில்லை. கொழுந்தனின் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகை ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரல் நுனியைப் பார்த்தாள்.

"கேஸ் போச்சா அண்ணி?"

"கோட்டை எப்ப தோச்சே?"

இதுதான் அண்ணி. கேள்வி கேட்டால் கேள்விதான் வரும். வீட்டில் "சாப்பாடு ஆச்சா அண்ணி?" என்றால் "வாசனை வருதா?" என்பாள். அண்ணன் கல்யாணத்தின்போது, வேலை வெட்டி இல்லாமல் ஒரு தம்பி இருப்பதைப் பெண் வீட்டாரிடம் நாசூக்காக மறைத்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் அவள் துப்பறிந்து கண்டுபிடித்த முதல் உண்மை அதுதான். கண்டுபிடித்த கையோடு அவனை உதவியாளனாகவும் வைத்துக்கொண்டாள். உதவி என்றால் இன்று காலை செய்தது மாதிரி.

விவகாரம் இது. ஆறு மாதத்தில் போலீஸ் புகார்ப் பெட்டியில் நாலு கடிதம். அனுப்பியவர் பெயர் கிடையாது. மிரட்டல் கிடையாது, கோரிக்கை கிடையாது, ஒரு முழு வாக்கியம்கூடக் கிடையாது. நேற்று வந்த நாலாவது கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

1151.
பேருந்து நிலைய நடைமேம்பாலம், நடுத் தூண்.
மூன்று.

அதன் கீழே இன்றைய தேதி.

முதலில் வந்த 1147இல் மொத்தச் சந்தையின் தண்ணீர்த் தொட்டி. அடுத்து 1148இல் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். பிறகு 1149இல் சினிமா தியேட்டர் பால்கனி. மூன்றும் விழுந்தன. மூன்று இடத்திலும் யார் கண்ணிலும் படாத மூலையில் அதே வட்டம், அதே மூன்று கோடு. பத்திரிகைகள் அந்த ஆளுக்கு 'வட்டக்காரன்' என்று பெயரும் வைத்துவிட்டன.

விழுந்தன என்று சொல்வதுகூடத் தப்பு. விழப் போயின. கீழே 'தாங்கி' இருந்தார்.

அந்த ஊருக்கு ஆறு வருஷமாக, தாங்கி என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு வீரர் இருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்த முகமூடி, கவிழ்ந்த லாரியை நிமிர்த்தி வைக்கும் தோள்கள். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. இந்தக் கேஸை அண்ணியிடம் கொண்டுவந்ததே அவர்தான். போன வாரம் அவளுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நின்றுகொண்டே பேசினார். "வட்டக்காரனைப் பிடிக்கறது போலீஸ் வேலை. எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நான் இல்லாம இருந்தா அவன் இருந்திருப்பானா?"

அண்ணி அதற்கு, "முகமூடியோட மூக்கு அரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

இப்போது அவர் கால அட்டவணைப் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அதிகாரி விறைப்பாக நின்றுகொண்டு திட்டத்தை விளக்கினார்.

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் விடும். பாலத்து மேல ஐநூறு பேரு நடப்பாங்க. மூடி வெச்சா வட்டக்காரன் உஷாராயிடுவான். அதனால திறந்தே கிடக்கட்டும். நம்ம ஆளுங்க மப்டில நிப்பாங்க. அவன் தூண்ல கை வெச்சதும் அமுக்கிடறோம்."

"அமுக்கறதுக்குள்ள பாலம் விழுந்துட்டா?" என்றாள் அண்ணி.

"விழுந்தா என்ன மேடம்? அதான் சார் இருக்காரே."

கொழுந்தன் மேலே பார்த்தான். பேருந்து நிலையக் கூரை முழுக்கப் புறாக்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு இடநெருக்கடியில் உட்கார்ந்திருந்தன. பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

"தாங்குவீங்கல்ல சார்?"

"இதுவரைக்கும் எதைக் கீழ விட்டிருக்கேன்?" என்றார் தாங்கி. சொன்ன விதத்தில் ஒரு போஸ்டருக்கான கம்பீரம் இருந்தது. ஆனால் இடது கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

"கை வலிக்குதா சார்?"

"குளிருது."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கொழுந்தன் தரையில் கிடந்த தன் தொப்பியை எடுக்கக் குனிந்து திரும்பினான். பின்னால் தாங்கி சட்டென்று மூச்சை இழுத்தது கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய வலது கை இடது தோளைத் தூசி தட்டுவது போலத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலாமா தம்பி?" என்றாள். "நகராட்சி ஆபீஸ் போகணும். பையை எடுத்துட்டு வா."

பை, நிலையத்தின் சாமான் வைக்கும் அறையில் இருந்தது. பாலத்துக்கு எதிரே, ஜன்னல் வைத்த நீள அறை. அங்கே டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். சாமான்களில் சாக்பீஸால் எண் போட்டு அடுக்கி வைத்திருப்பாள். கொழுந்தன் டோக்கனை நீட்டினான். பையை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"தம்பி, கோட்டு முதுகுல…"

"தெரியும்கா. தூண்ல சாஞ்சுட்டேன்."

அவள் ஜன்னல் வழியாகத் தூணை எட்டிப் பார்த்தாள். "அழிஞ்சிருக்கு! அப்ப பாலத்துல வேலை முடிஞ்சுதா?"

போலீஸ் வேலையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தான். விசாரணை ரகசியத்தைக் காப்பாற்றிய பெருமையோடு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றான்.

அவள் முகம் தெளிந்துபோனது. ரொம்ப நாள் கழித்து நல்ல சேதி கேட்டவள் மாதிரி இருந்தாள். மேஜைமேல் கிடந்த கனமான சங்கிலியையும் பூட்டையும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

டாக்ஸியில் கொழுந்தன் வாயை மூடிக்கொண்டு வந்தான். மூன்று நிமிஷம். அது அவன் சாதனை.

"திட்டிடுங்க அண்ணி. உள்ளயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது."

"எதுக்குத் திட்டணும்? இந்தக் கேஸ்ல உருப்படியா ஒரு தடயம் கொண்டுவந்தது உன் முதுகுதான்."

"முதுகுக்கு வாழ்த்துச் சொல்லிடறேன்."

"நீ ஒரு வில்லன்னு வெச்சுக்கோ. ஊரே உன்னைப் பார்த்து நடுங்கணும். உன் அடையாளத்தை எதால போடுவே?"

"பெயின்ட்ல. சிவப்பு. நாலாள் உயரத்துக்கு. கீழ என் பேரு, அதுக்குக் கீழ அப்பா பேரு."

"இவன் சாக்பீஸ்ல போடறான். முதுகு பட்டா அழியற மாதிரி. அதுவும் தூணுக்குப் பின்னால, யாரும் பார்க்காத இடத்துல."

"கூச்ச சுபாவம் உள்ள வில்லனோ?"

"தண்ணித் தொட்டி சொன்ன தேதில விழுந்தது. சுவர் மறுநாள். பால்கனி நாலு நாள் கழிச்சு. சொந்த நாசவேலைக்கு எவனாவது நாலு நாள் லேட்டா வருவானா?"

"நான் வருவேன்."

"உன்னைத் தவிர."

கொழுந்தன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அப்படின்னா அதையெல்லாம் அவன் தள்ளலையா?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அழிக்கறதுக்குன்னே யாராவது குறி போடுவாங்களா?" என்றாள். எதிர்பார்த்ததுதான். கேள்விக்குக் கேள்வி.

நகராட்சி அலுவலகத்தில் கட்டடப் பராமரிப்பு என்று எழுதிய கதவு இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய குமாஸ்தா இல்லை. வருவார் என்றார்கள். வந்தார், மூணே முக்காலுக்கு. அதுவரை கொழுந்தன் சுவர்க் கடிகாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

கடிதத்தின் நகலைப் பார்த்ததும் குமாஸ்தாவின் புருவம் ஏறியது.

"இது நம்ம ஆய்வுப் படிவம் மாதிரியில்ல இருக்கு?" பீரோவைத் திறந்து தூசி படிந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். அச்சடித்த படிவம். ஒவ்வொன்றிலும் நாலு வரி. எண். இடம். நிலை. எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும்.

அண்ணி நகலைப் படிவத்தின் பக்கத்தில் வைத்தாள். 1151. நடைமேம்பாலம். மூன்று. இன்றைய தேதி. வரிக்கு வரி பொருந்தியது. கடிதம் எழுதிய ஆளிடம் அச்சடித்த படிவம் இல்லை. பழக்கதோஷத்தில் கேள்விகளை விட்டுவிட்டு, பதில்களை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

"நிலை மூன்றுன்னா என்ன?" என்றாள்.

"ஆய்வாளர் போய்ப் பார்த்து, எங்க பழுதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுவாங்க. ஒரு கோடுன்னா கவனிக்கணும். ரெண்டுன்னா சரிபண்ணணும். மூணுன்னா உடனே ஆளுங்களை வெளியேத்தணும். கொத்தனார் போய் வேலையை முடிச்சுட்டு அந்தக் குறியை அழிச்சிடுவார்."

"கடைசிப் படிவத்தோட எண் என்ன?"

குமாஸ்தா புரட்டினார். "1146. அதோட பிரிவையே மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏன் மூடினாங்க?"

குமாஸ்தா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுக்குங்க அந்தப் பிரிவு? எது விழுந்தாலும் பிடிக்கத்தான் ஆள் இருக்காரே."

கொழுந்தனுக்கு முதுகில் அந்த வட்டம் இருக்கும் இடம் மட்டும் ஜில்லென்று ஆனது.

"சார்… குறி அழிஞ்சிருந்தா என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

"வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மடியிலிருந்த பையைப் பார்த்தான். அதன்மேல் சாக்பீஸில் 88 என்று எழுதியிருந்தது. இரண்டு எட்டும் சீரான வட்டங்களால் ஆனவை.

"அண்ணி," என்றான். "டோக்கன் அக்கா என்கிட்ட வேலை முடிஞ்சுதான்னு கேட்டாங்க. நான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அண்ணி அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்ஸியிலிருந்து அதிகாரிக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"வட்டக்காரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சா? சொல்லுங்க மேடம், இப்பவே அமுக்கறேன்!"

"அப்படி ஒரு ஆளே இல்ல. பாலம் தானா விழப் போகுது. உடனே மூடுங்க."

"என்ன மேடம் விளையாடறீங்க? மேலிடத்துல அனுமதி வாங்கி, பத்திரிகைக்காரங்க வரைக்கும் வந்து நிக்கறாங்க. சார் தாங்கறேன்னு சொல்லியிருக்காரு. முடியாதுன்னு அவர் வாயால சொல்லட்டும், மூடறேன்."

"அவரைச் சாமான் அறைக்கு வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்."

சாமான் அறையில் தாங்கி கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். டோக்கன் அக்கா கையில் சாக்பீஸோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் நடமாட்டம் கூடியிருந்தது. நடுத் தூணின் தலைப்பகுதியிலிருந்து மெல்லிய கோடாகத் தூசி இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றான் கொழுந்தன் வாசலிலேயே. "வேலை எதுவும் நடக்கல. குறியை அழிச்சது என் முதுகு."

அவள் அவசரமாக இழுப்பறையை இழுத்து அந்தச் சங்கிலியை எடுத்தாள். "அஞ்சு மணிக்குப் பாலத்துப் படிக்கதவைப் பூட்டிடலாம்னு இருந்தேன் தம்பி. பிடிச்சு உள்ள போட்டாலும் பரவாயில்லன்னு. நீ சொன்னதும்தான்…"

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "1146 வரைக்கும் நகராட்சி ஆய்வாளரா நீங்க எழுதினது. 1147 முதலும் நீங்கதான்."

தாங்கி நிமிர்ந்தார். தலை கூரையில் இடித்தது. "வட்டக்காரன்… இவங்களா?"

"நேர்ல போய்ச் சொன்னேன்" என்றாள் டோக்கன் அக்கா. "போலீஸ்ல எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். பேப்பர்ல வில்லன்னு வந்தது. அப்புறம் பேரு போட பயமா இருந்தது. தியேட்டர் மேனேஜர்கிட்டயும் சொன்னேன். 'விழுந்தா விழட்டும், தாங்கி வந்தா ஒரு வாரம் ஹவுஸ்ஃபுல்'னு சிரிச்சார்." அவள் தாங்கியைப் பார்த்துப் பேசினாள். "நீங்க வர்றதுக்கு முந்தி இந்த ஊர்ல எதுவும் விழுந்ததில்ல. விழறதுக்கு முன்னாலயே நாலு பேர் போய்த் தட்டிப் பார்த்துட்டு வந்துடுவோம். அது யாருக்கும் தெரியாது. விழாததை யார் போட்டோ எடுப்பாங்க?"

தாங்கி பெட்டி ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார். பெட்டி முனகியது. "அப்ப நான்தான்…"

"இன்னொண்ணு பாக்கி இருக்கு சார்" என்றாள் அண்ணி. "1149க்கு அப்புறம் 1151. நடுவுல ஒரு கடிதம் காணோம். இவங்க எண் போடறதுல தப்பு பண்ற ஆள் இல்ல. அது போலீசுக்கு வரல. காலையில இவன் முதுகுல குறியைப் பார்த்ததும் உங்க கை எங்க போச்சுன்னு நான் பார்த்தேன்."

பாலத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

தாங்கி வலது கையால் முகமூடிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். தபால்தலை அளவுக்கு மடித்து, வியர்வையில் ஊறிப்போன தாள். பிரித்து மேஜைமேல் வைத்தார்.

1150.
தாங்கி, இடது தோள்.
மூன்று.
உடனே.

"பால்கனியைப் பிடிச்சப்ப நான் கூட்டத்துல இருந்தேன்" என்றாள் டோக்கன் அக்கா. இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. "எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு உங்க தோள்லேர்ந்து வந்த சத்தம் கேட்டது. இருபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேக்கறதுதான் என் வேலை. வெளிய வர்றப்ப நெரிசல்ல உங்க தோள்ல குறியைப் போட்டுட்டு, கோட்டுப் பையில கடுதாசியை வெச்சேன்."

"அழிச்சேன்" என்றார் தாங்கி. "வீட்டுக்குப் போய் மூணு தடவை துடைச்சேன்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினது எதிரியா இருந்தா, என்னை மிரட்டறதுக்கு எழுதினான்னு ஆயிடும்ல? அது பொய்யா இருக்கலாம்ல? அதனால ரெண்டு மாசமா எனக்கு ஒரு எதிரி வேணும்னு ஆயிடுச்சு. பேப்பர்ல அவனைத் திட்டி எழுதினா நிம்மதியாத் தூங்கினேன். அவனைப் பிடிச்சுட்டா தோள் சரியாயிடும்னு…" நிறுத்திக்கொண்டார். சொல்லும்போதே அவருக்கே கேட்டுவிட்டது போலிருந்தது.

போன் அடித்தது. அதிகாரி. கொழுந்தன் எடுத்துத் தாங்கியிடம் நீட்டினான். நல்ல ஜோக் ஒன்றுகூட அகப்படவில்லை.

தாங்கி போனை வாங்கினார். ஜன்னலைப் பார்த்தார். தூசிக் கோடு இப்போது நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலி பண்ணுங்க" என்றார். "என்னால முடியாது."

வெளியே விசில். ஒன்று, இரண்டு, பத்து.

ஆனால் விசில் சத்தம் கேட்டுப் பாலத்தில் யாரும் ஓடவில்லை. நின்றார்கள். கைப்பிடிச் சுவர் பக்கம் வந்து கீழே எட்டிப் பார்த்தார்கள். "தாங்கி வந்திருக்காராம்!" என்று ஒரு குரல். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார் ஒருவர். போன்கள் உயர்ந்தன. கீழே நின்றிருந்தவர்கள் நன்றாகப் பார்ப்பதற்காகப் படியேறிப் பாலத்துக்கு வந்தார்கள். டோக்கன் அக்கா ஓடிப்போய்ப் படிக்கதவில் சங்கிலியைச் சுற்றினாள். மேலே போனவர்களை என்ன செய்வது? போலீஸ்காரர்கள் கத்தினார்கள். "இறங்குங்க, பாலம் விழப் போகுது!" மேலிருந்து கைதட்டல் வந்தது.

பாலம் ஒரு தடவை முனகியது. கொழுந்தனுக்குப் பல் கூசியது.

"நான் கீழ போய் நிக்கறேன்" என்றார் தாங்கி. "ஒரு நிமிஷமாவது பிடிப்பேன்."

"நீங்க கீழ நின்னா ஒருத்தனும் இறங்க மாட்டான்" என்றாள் அண்ணி. அவள் இவ்வளவு தீர்மானமாகப் பேசிக் கொழுந்தன் கேட்டதே இல்லை.

தாங்கி அவளைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் பாலத்தை நோக்கி நடந்தார், ஐநூறு போன்களும் அவரோடு திரும்பின. பாலத்தின் நிழலைத் தொடும் இடத்தில் நின்றார். அப்புறம் வலது பக்கம் திரும்பினார். பேருந்துகள் நிற்கும் திடலைத் தாண்டி, கடைசி நடைமேடை வரைக்கும், அவசரமே இல்லாமல் நடந்துகொண்டே போனார். அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாதாரண முகம். வேர்த்திருந்தது. கையிரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது.

பாலத்தின் மேலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள், யாரையும் பார்த்து அல்ல: "அவர் ஏன் அங்க உக்காந்திருக்காரு?"

அதற்கப்புறம் ஓடினார்கள். செருப்பு, பை, குடை எல்லாம் படிகளில் சிதற ஐநூறு பேரும் ஓடினார்கள். டோக்கன் அக்கா சங்கிலியை அவிழ்த்துக் கதவை விரியத் திறந்துவிட்டாள். கொழுந்தன் படியடியில் நின்று தடுக்கி விழுந்தவர்களைத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் தள்ளினான். கடைசியாக இறங்கியது தோளில் குழந்தையோடு இருந்த ஆள். குழந்தை மட்டும் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தது.

ஐந்து இருபத்திரண்டுக்கு நடுத் தூண் ஒரு பக்கம் மடங்கியது. பாலம் தயங்கியது போல ஒரு கணம் அப்படியே நின்றது. பெஞ்சில் இருந்தவர் துள்ளி எழுந்துவிட்டார். இரண்டு எட்டு வைத்தும்விட்டார். படிக்கதவிலிருந்து ஓடி வந்து யாரோ பின்னாலிருந்து கோட்டைப் பிடித்தார்கள். டோக்கன் அக்கா.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஊரில் ஒன்று தரையைத் தொட்டது.

புழுதி அடங்க ரொம்ப நேரமானது. அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்தபடி இடிபாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ அழுதார்கள். யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு மூன்று பேர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தப் பார்வை கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. ஏமாந்தவர்களின் பார்வை அது. கொஞ்ச நாளில் அது வேறு என்னவாகவும் மாறலாம்.

அண்ணி தன் கைக்குட்டையால் கொழுந்தன் முதுகிலிருந்த வட்டத்தைத் துடைத்துவிட்டாள்.

அவன் போய்ப் பெஞ்சில் தாங்கியின் பக்கத்தில் உட்கார்ந்தான். இடது பக்கம். பக்கத்தில் பார்த்தால் அந்தத் தோள் மற்றதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். வந்தது காலையில் கேட்ட அதே கேள்விதான்.

"வலிக்குதா சார்?"

தாங்கி அவனைத் திரும்பிப் பார்த்தார். முகமூடி இல்லாத முகத்தில் ஒளிய இடமில்லை.

"வலிக்குது" என்றார்.